எச்.ஐ.வி. உள்ள கருப்பின மக்களைக் கொரோனா கூடுதலாகத் தாக்கியது ஏன்?

2020 மார்ச்சில் கொரோனா அமெரிக்க நகரங்களுக்குள் புகுந்தபோது, எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களுக்கு என்ன ஆகும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் எவரும் இல்லை. எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் கிருமி ஏற்கெனவே உடலில் குடியிருக்கும்போது இன்னொன்றும் வந்தால் தாங்காது என்று ஒரு சாரார் அஞ்சினார்கள். கொரோனாவில் பலரைக் கொல்வது கட்டுமீறிப் பாயும் எதிர்ப்பாற்றல்தான், அது சற்று மந்தமாக இருப்பவருக்கு ஒருவேளை ஆபத்து குறையலாம் என்று இன்னொரு சாரார் கணக்குப் போட்டார்கள். எச்.ஐ.வி. மாத்திரைகளே கவசமாகும் என்ற நம்பிக்கையும் பரவியது. லோபினாவிர், ரிட்டோனாவிர் என்ற இரு எச்.ஐ.வி. மருந்துகளைச் சேர்த்துக் கொரோனா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதனால் பயனில்லை என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு அந்த ஆண்டு ஜூன் இறுதியில் அறிவித்தது.

பிறகு எண்கள் வரத் தொடங்கின. அவை ஒன்றுக்கொன்று முரண்படுவது போலத் தோன்றின. ஓர் ஆய்வு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்றது. இன்னொன்று கால் பங்குதான் கூடுதல் என்றது. கருப்பின மக்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வுகளிலும் இதே குழப்பம் இருந்தது. எச்.ஐ.வி. இருந்தால் கொரோனா கடுமையாகுமா என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணில் பதில் தேடியதுதான் கோளாறு என்று நான் நினைக்கிறேன். எந்த நிலையில் இருக்கும் எச்.ஐ.வி., அதனுடன் சேர்ந்து வேறு என்ன நோய்கள் இருக்கின்றன, அவர் எந்த ஊரில் என்ன வேலை பார்க்கிறார் என்பதையெல்லாம் சேர்த்துக் கேட்டால்தான் அந்த எண்கள் பேசத் தொடங்கும்.

நியூயார்க்கிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவின் முதல் அலை மிக மோசமாக அடித்த இடம் அதுதான். எச்.ஐ.வி. பதிவேட்டையும் கொரோனா பரிசோதனைப் பதிவேட்டையும் மருத்துவமனைப் பதிவேட்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வசதியும் அந்த மாநிலத்துக்கு இருந்தது. அங்கே எச்.ஐ.வி. உறுதியான 1,08,062 பேரில், 2020 ஜூன் நடுப்பகுதிக்குள் 2,988 பேருக்குக் கொரோனா உறுதியானது. 896 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 207 பேர் அங்கேயே இறந்தார்கள். ஆயிரம் பேருக்கு இத்தனை மரணம் என்று கணக்கிட்டால், எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே 1.92, மற்றவர்களிடையே 0.74. இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனால் வயது, பாலினம், வசிக்கும் பகுதி ஆகிய மூன்றையும் சமன்செய்து கணக்கிட்டதும் அந்த வித்தியாசம் 1.23 மடங்காகச் சுருங்கிவிட்டது. தொற்று உறுதியான விகிதத்தில் வித்தியாசமே இல்லாமல் போனது. மருத்துவமனைச் சேர்க்கையில் 1.38 மடங்கு என்ற இடைவெளி நின்றது.

அதாவது, முதலில் கண்ட வித்தியாசத்தில் பெரும்பங்கு எச்.ஐ.வி. கிருமியின் வேலை அல்ல. எச்.ஐ.வி. உள்ளவர்கள் எங்கே வசிக்கிறார்கள், எந்த வயதினர் என்பதன் விளைவு அது. கொரோனா மிகக் கடுமையாகப் பரவிய இடங்களிலேயே அவர்கள் அதிகமாக வாழ்ந்தார்கள்.

இதே ஆய்வு இனவாரியாகவும் பார்த்தது. எச்.ஐ.வி. உள்ள வெள்ளையர்களோடு ஒப்பிட்டால், எச்.ஐ.வி. உள்ள கருப்பினத்தவருக்குக் கொரோனா உறுதியாகும் வாய்ப்பு 1.59 மடங்கு, லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு 2.08 மடங்கு. ஆனால் தொற்று உறுதியான பிறகு மருத்துவமனையில் சேரும் வாய்ப்பிலோ, சேர்ந்த பிறகு இறக்கும் வாய்ப்பிலோ அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. இதை நம்பினால், இடைவெளி முழுவதும் வாசலிலேயே உண்டாகிவிட்டது என்று ஆகும். தொற்றிக்கொள்ளும் வாய்ப்பில்தான் வேறுபாடு, தொற்றிய பிறகு இல்லை.

வாசலில் இருந்த வேறுபாட்டுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் சிகாகோ நகரம் வெளியிட்ட கணக்கில், மக்கள்தொகையில் சுமார் 30 சதவீதமாக இருந்த கருப்பினத்தவர் கொரோனா மரணங்களில் சுமார் 70 சதவீதமாக இருந்தார்கள். லூசியானா மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக இருந்தவர்கள் மரணங்களில் 70 சதவீதம். வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் வாய்ப்பு இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பஸ் ஓட்டுநர், மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர், முதியோர் இல்ல உதவியாளர், மளிகைக் கடைக் கல்லாவில் நிற்பவர் ஆகியோருக்கு அந்த வாய்ப்பு இல்லை. நியூயார்க்கின் பஸ், சுரங்க ரயில் ஊழியர்களில் மட்டும் சில மாதங்களுக்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இந்த வேலைகளில் கருப்பினத்தவரின் பங்கு மக்கள்தொகையில் அவர்களுடைய பங்கைவிட மிக அதிகம்.

இதன் மேல் எச்.ஐ.வி. வரைபடத்தை வைத்துப் பாருங்கள். அமெரிக்க மக்கள்தொகையில் கருப்பினத்தவர் சுமார் 13 சதவீதம், எச்.ஐ.வி. உள்ளவர்களில் சுமார் 40 சதவீதம். நாட்டின் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் பாதிக்கும் மேல் தென் மாநிலங்களில் பதிவாகின்றன. டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா, மிசிசிப்பி, அலபாமா, தென் கரோலினா ஆகியவை 2020இல் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்க மறுத்திருந்த மாநிலங்கள். எச்.ஐ.வி. சிகிச்சைக்கு 1990 முதல் நடக்கும் ரையன் ஒயிட் திட்டம் கைகொடுக்கிறது. ஆனால் அது முழுக் காப்பீடு அல்ல, மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் அந்தச் செலவை அது ஏற்காது. மூச்சுத் திணறும்போது ஆம்புலன்ஸை அழைப்பதா, இன்னொரு நாள் பார்ப்பதா என்ற தயக்கம் அந்தப் பில்லிலிருந்தும்தான் பிறக்கிறது. 2020 ஏப்ரல் 7 அன்று வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சந்திப்பில், கருப்பினத்தவரிடையே கொரோனா மரணங்கள் மிகுவதைப் பற்றிப் பேசிய அமெரிக்க அரசின் தொற்றுநோய் நிபுணர் அந்தோனி ஃபவுச்சி எச்.ஐ.வி. காலத்தை நினைவுகூர்ந்தார். இரண்டையும் நேரில் பார்த்தவர் அவர்.

ஆனால் நியூயார்க் முடிவோடு நின்றுவிட முடியாது. எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் அமெரிக்கச் சிகிச்சை மையங்களின் கூட்டமைப்பு ஒன்று, 2020 மார்ச் முதல் டிசம்பர் வரையிலான தன் பதிவுகளை ஆராய்ந்தது. கொரோனா வந்த 649 பேரில் 106 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், 12 பேர் இறந்தார்கள். இங்கே, தொற்று வந்த பிறகு மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை கருப்பினத்தவருக்கு 51 சதவீதம் அதிகமாக இருந்தது. நியூயார்க் ஆய்வு இல்லை என்றதை இது உண்டு என்கிறது.

இரண்டையும் எப்படிப் பொருத்துவது? என் வாசிப்பு இது: 2020 வசந்த காலத்து நியூயார்க்கில் பரிசோதனைக் கருவிகளே அரிது. மூச்சு வாங்கும் அளவுக்குப் போனவருக்குத்தான் பரிசோதனை கிடைத்தது. தொற்று உறுதியானவர் என்றாலே ஏற்கெனவே மோசமானவர் என்று பொருள். எல்லோரும் மோசமான நிலையில் இருக்கும் ஒரு கூட்டத்துக்குள் இன வேறுபாட்டைத் தேடினால் அது மங்கலாகத்தான் தெரியும். ஆண்டு முழுவதும் பார்த்த இரண்டாவது ஆய்வில் லேசான தொற்று உள்ளவர்களும் கணக்கில் வந்தார்கள். லேசாக முடிந்தவர் யார், கடுமையானவர் யார் என்ற பிரிப்பு அங்கே தெளிவாகத் தெரிந்தது.

அந்த இரண்டாவது ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. பலரும் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். எச்.ஐ.வி. குறிவைத்து அழிக்கும் வெள்ளை அணுக்களான சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 350க்குக் கீழ் இருந்தவர்களுக்கு மருத்துவமனைச் சேர்க்கை ஆபத்து இரண்டரை மடங்குக்கும் அதிகம். அது எதிர்பார்த்ததே. ஆனால், எப்போதோ ஒரு காலத்தில் அந்த எண்ணிக்கை 200க்குக் கீழே போயிருந்தவர்களுக்கும் ஆபத்து 1.67 மடங்கு இருந்தது.  நலமாக இருப்பவருக்கு ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் இந்த அணுக்கள் பொதுவாக 500க்கு மேல் இருக்கும். மாத்திரை தொடங்கினால் அது மெல்ல ஏறும். ஏறிய பிறகும், ஒருமுறை அடிமட்டம் தொட்ட உடலில் அதன் தழும்பு இருக்கிறது என்பதையே இந்த எண் சொல்கிறது. தாமதமாக நோய் கண்டறியப்பட்டவர்கள்தாம் அடிமட்டத்தைத் தொடுகிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒருவருக்கு உரிய காலத்தில் பரிசோதனை செய்யப்படவில்லை என்றால், அதற்கான விலையை அவர் 2020இல் கொடுத்தார்.

இங்கிலாந்தின் 25 மரணங்கள்

அமெரிக்காவின் காப்பீட்டுக் குளறுபடிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முடிவுகட்டலாமா? அதைச் சோதிக்க இங்கிலாந்து நல்ல இடம். அங்கே மருத்துவம் அரசுடையது. 2012 அக்டோபர் முதல், குடியுரிமை நிலை எதுவாக இருந்தாலும் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசம்.

அந்நாட்டின் ஓபன்சேஃப்லி என்ற தரவுத்தளம் 1.73 கோடிப் பெரியவர்களின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்தது. அவர்களில் 27,480 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. முதல் அலையில் 14,882 கொரோனா மரணங்கள். அவற்றில் 25 பேர் எச்.ஐ.வி. உள்ளவர்கள். வயதையும் பாலினத்தையும் சமன்செய்தபோது எச்.ஐ.வி. உள்ளவர்களின் மரண ஆபத்து 2.90 மடங்கு, வறுமை, இனம், புகைப்பழக்கம், உடல்பருமன் ஆகியவற்றையும் சமன்செய்தபோது 2.59 மடங்கு. பிறகு இனவாரியாகப் பிரித்தார்கள். கருப்பினத்தவருக்குள், எச்.ஐ.வி. உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே 4.31 மடங்கு வித்தியாசம். மற்றவர்களுக்குள் 1.84 மடங்கு.

இந்த 4.31 பல கட்டுரைகளில் தனியே பிடுங்கி நடப்பட்டது. அதைக் கவனமாகக் கையாள வேண்டும். மொத்தமே 25 மரணங்கள். அதை இரண்டாகப் பிரித்தபின் கிடைக்கும் எண் இது. உண்மை மதிப்பு 2.42க்கும் 7.65க்கும் இடையே எங்கேயும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். எனினும் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இருப்பதற்கான அறிகுறி இருக்கிறது, அதை ஒதுக்கிவிடவும் முடியாது. காசு வாங்காத மருத்துவம் உள்ள நாட்டிலும் இடைவெளி ஏன்? இங்கிலாந்தில் எச்.ஐ.வி. உள்ள கருப்பினத்தவரில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறந்து குடியேறியவர்கள். அவர்களுக்கு எச்.ஐ.வி. தாமதமாகக் கண்டறியப்படுவது அதிகம். சிகிச்சை இலவசம் என்பது பரிசோதனைக்கு வந்து சேர்ந்த பிறகு உதவுகிறது. ஊர் என்ன சொல்லும், விசா என்ன ஆகும் என்ற அச்சத்தில் வராமலேயே இருப்பவரை அது எட்டுவதில்லை. நோயைக் கண்டறியும் நாள் தள்ளிப்போனால் சி.டி.4 அடிமட்டம் தொடும். அதன் பிறகு நடப்பதை அமெரிக்கக் கணக்கில் பார்த்தோம்.

சிறுநீரகத்தில் நடந்தது

உடலுக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சமூகக் காரணங்களாலேயே விளக்கிவிட முயல்வதும் உண்மையைச் சுருக்குவதே.

1984இல் நியூயார்க்கின் புரூக்ளினிலும் மயாமியிலும் இருந்த சிறுநீரக மருத்துவர்கள் எய்ட்ஸ் நோயாளிகளிடம் ஒரு விநோதமான பாதிப்பைக் கண்டார்கள். சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சுகள் சுருங்கி மடிந்து கிடந்தன. சில மாதங்களுக்குள் சிறுநீரகம் செயலிழந்துவிடும். இதற்கு ஆளானவர்களில் பெரும்பாலோர் கருப்பினத்தவர். ஏன் என்பது கால் நூற்றாண்டு காலம் புரியவில்லை. 2010இல் விடை கிடைத்தது: ஏ.பி.ஓ.எல்.1 என்ற மரபணுவின் இரு மாற்று வடிவங்கள். ஆப்பிரிக்காவில் உறக்க நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணியிடமிருந்து இந்த வடிவங்கள் பாதுகாப்புத் தருகின்றன. அதனால் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் அவை நிலைத்துவிட்டன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் மாற்று வடிவமாக அமைந்தவர் அமெரிக்கக் கருப்பினத்தவரில் சுமார் 13 சதவீதம். அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருப்பார்கள். ஆனால் கடுமையான வைரஸ் தொற்று ஒன்று வந்து, எதிர்ப்பாற்றல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைப் பெருமளவில் சுரக்கும்போது, சிறுநீரகம் மடியத் தொடங்கலாம்.

2020இல் கொரோனா நோயாளிகளின் சிறுநீரகத் திசுவை நுண்ணோக்கியில் வைத்தவர்கள் அதே மடிப்புகளைப் பார்த்தார்கள். அந்த ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் இருந்த ஆறு கருப்பின நோயாளிகளுக்கும் இரண்டு பிரதிகளும் மாற்று வடிவமாகவே இருந்தன. எச்.ஐ.வி. செய்ததை இன்னொரு வைரஸ் அதே வழியில் செய்திருக்கிறது. எச்.ஐ.வி. கட்டுக்குள் இல்லாத ஒருவருக்குக் கொரோனாவும் வந்தால் அந்தச் சிறுநீரகத்தின் மீது இரண்டு அடி.

இதை வைத்துக்கொண்டு "கருப்பினத்தவர் உடலமைப்பே பலவீனமானது" என்று சொல்ல வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 87 சதவீதம் பேருக்கு இந்த ஆபத்தான அமைப்பு இல்லை. ஒரு மரபணுவைப் பற்றிய செய்தியை ஓர் இனத்தின் மீது ஏற்றிச் சொல்வது எவ்வளவு தீங்கானது என்பதற்குச் சிறுநீரக மருத்துவத்திலேயே சான்று இருக்கிறது.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற தசைக் கழிவின் அளவைக் கொண்டு ஒரு வாய்ப்பாட்டில் கணக்கிடுவார்கள். அமெரிக்காவில் 2009 முதல் பரவலாக இருந்த வாய்ப்பாட்டில், நோயாளி கருப்பினத்தவர் என்றால் விடையை 1.159 ஆல் பெருக்க வேண்டும். கருப்பினத்தவருக்குத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினின் இயல்பாகவே கூடுதல் என்ற ஊகம் அதன் அடியில் இருந்தது. இதன் விளைவைக் கணக்காகவே பாருங்கள். வெள்ளையர் ஒருவருக்கு விடை 55 என்று வந்தால், 60க்குக் கீழ் என்பதால், மூன்று மாதம் அது நீடித்தாலே நாட்பட்ட சிறுநீரக நோயாளி என்று பதிவாவார். அதே வயது, அதே பாலினம், அதே ரத்தம் கொண்ட கருப்பினத்தவருக்கு விடை 64 என்று வரும். அவர் நோயாளியே அல்ல. மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிய 20க்குக் கீழே வர வேண்டும். 18 என்று வர வேண்டியவருக்கு 21 என்று காட்டி அவரைத் திருப்பி அனுப்பும். அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகள் இந்தப் பெருக்கலை 2021இல்தான் கைவிட்டன. கொரோனாவின் மிகக் கொடிய மாதங்களில் அது பல மருத்துவமனைகளில் பயன்பாட்டில் இருந்தது. நாட்பட்ட சிறுநீரக நோய்தான், எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கொரோனா கடுமையாவதை முன்கூட்டிச் சொல்லும் காரணிகளில் ஒன்று.

இன்னொரு கருவியும் இதே பிழையைச் செய்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்திருந்த, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர். அது இரண்டு வகை ஒளியை விரலுக்குள் செலுத்தி, ரத்தம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை வைத்து ஆக்சிஜன் அளவைச் சொல்கிறது. கருந்தோலில் உள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சும். கருவியோ பெரும்பாலும் வெளிர் தோலை வைத்தே சீர்செய்யப்பட்டது. 2020 டிசம்பரில் மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது கருப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையர்களில் 3.6 சதவீதம். கொரோனாவில் 94 என்ற எண்ணுக்குக் கீழே போனால்தான் கடுமையான நோய் என்று கணக்கு. ஆக்சிஜன், ஸ்டீராய்டு, படுக்கை என எல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தே முடிவாயின. 95 என்று ஒளிர்ந்த திரையை நம்பி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில், உடலுக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தவர்கள் கருப்பினத்தவரிடையே மூன்று மடங்கு அதிகமாக இருந்திருப்பார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் கருவிகளைப் பல தோல் நிறங்களில் சோதிப்பதற்கான வரைவு நெறிமுறையை வெளியிட்டது 2025 ஜனவரியில்.

சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், உடல்பருமன் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம் வாசகர்கள் அறிந்தவையே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அமெரிக்காவில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்போது 50 வயதைக் கடந்தவர்கள். எச்.ஐ.வி.யால் சாகாமல் அவர்களைக் காப்பாற்றிய மாத்திரைகளோடு முதுமையின் நோய்களும் வந்து சேர்ந்தன. இன்று உலகெங்கும் கொடுக்கப்படும் டொலுடெக்ராவிர் சிறந்த மருந்து. ஆனால் அது உள்ள சிகிச்சையில் உடல் எடை கூடுகிறது, பெண்களிடம், குறிப்பாகக் கருப்பினப் பெண்களிடம், அது அதிகம் என்பதை ஜோகன்னஸ்பர்கில் நடந்து 2019இல் வெளியான ஆய்வு உள்ளிட்ட பல ஆய்வுகள் காட்டின. மருந்தை நிறுத்தச் சொல்லும் காரணம் அல்ல இது. எச்.ஐ.வி. மருத்துவமனையிலேயே சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டியதற்கான காரணம்.

தென்னாப்பிரிக்கா சொல்வது

கருப்பினத்தவர் பெரும்பான்மையாக இருக்கும் நாட்டில் என்ன நடந்தது? உலகில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் மிக அதிகமாக வாழும் நாடு தென்னாப்பிரிக்கா. சுமார் 80 லட்சம் பேர்.

கேப் டவுன் அடங்கிய மேற்கு கேப் மாகாணத்தின் அரசு மருத்துவப் பதிவுகளில் சுமார் 35 லட்சம் பேரை ஆராய்ந்தார்கள். 22,308 கொரோனா நோயாளிகள், 625 மரணங்கள். எச்.ஐ.வி. இருந்தால் மரண ஆபத்து 2.14 மடங்கு. அப்போது காசநோய் இருந்தால், அது தனியாகவே 2.70 மடங்கு ஆபத்து. இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. வைரஸ் அளவு கட்டுக்குள் இருந்தவர், இல்லாதவர், சி.டி.4 குறைந்தவர், கூடியவர் என்று பிரித்துப் பார்த்தபோது ஆபத்து ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தது. எச்.ஐ.வி. கட்டுக்குள் இருந்தால் ஆபத்து குறையும் என்ற வாதத்துக்கு இது இடர்தான். மறைக்கக் கூடாது.

ஆனால் அந்தப் பதிவுகளில் உடல் எடை இல்லை, வருமானம் இல்லை, வீட்டில் எத்தனை பேர் என்பதும் இல்லை. அந்த மாகாணத்தில் எச்.ஐ.வி. அதிகம் உள்ள இடங்கள் நெரிசலான குடியிருப்புகள். எச்.ஐ.வி. என்று பதிவேட்டில் எழுதப்பட்டது வறுமையையும் சேர்த்துத்தான் குறித்திருக்கிறது என்று கருத இடமுண்டு. பின்னர் நாடு முழுவதும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பார்த்த பெரிய ஆய்வில் எச்.ஐ.வி.யின் கூடுதல் ஆபத்து 1.34 மடங்காகக் குறைந்தது. சிகிச்சையில் இல்லாதவரிடமும் சி.டி.4 குறைந்தவரிடமுமே அது மிகுந்திருந்தது. அதே ஆய்வில் கருப்பினத்தவர், கலப்பினத்தவர், இந்திய வம்சாவளியினர் மூவரும் வெள்ளையரைவிட அதிகமாக மருத்துவமனையில் இறந்தார்கள். அந்த இந்திய வம்சாவளியினரில் டர்பன் பகுதித் தமிழர்களும் அடக்கம். உலக சுகாதார நிறுவனம் 2021 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையும், மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடையே எச்.ஐ.வி. மரண ஆபத்தை 30 சதவீதம் கூட்டுகிறது என்றது. அதற்கான தரவுகளில் மிகப் பெரும்பான்மை தென்னாப்பிரிக்காவிலிருந்தே வந்தவை.

டர்பனில் பதிவான ஒரு நேர்வு, எண்களைவிடத் தெளிவாக ஒன்றைக் காட்டுகிறது. முற்றிய எச்.ஐ.வி. இருந்த ஒரு பெண்ணின் உடலில் கொரோனா 200 நாள்களுக்கு மேல் தங்கியிருந்தது. அவருடைய சி.டி.4 எண்ணிக்கை மிக மிகக் குறைவு. அவர் சாப்பிட்டுவந்த எச்.ஐ.வி. மாத்திரைகள் வேலை செய்யவில்லை. கொரோனா அவருக்குள்ளேயே பெருகிப் பெருகி முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களை அடைந்தது. மருத்துவர்கள் அவரை டொலுடெக்ராவிர் உள்ள மருந்துக்கு மாற்றினார்கள். எச்.ஐ.வி. அடங்கியது. சில வாரங்களுக்குள் கொரோனாவும் உடலை விட்டு நீங்கியது. கொரோனாவை விரட்டியது எச்.ஐ.வி. மாத்திரை அல்ல, எச்.ஐ.வி. அடங்கியதும் மீண்டெழுந்த அவருடைய சொந்த எதிர்ப்பாற்றல்.

அப்படியானால் அந்த ஆண்டுகளில் எச்.ஐ.வி. சிகிச்சை தடையின்றி நடந்ததா என்பதே முக்கியமான கேள்வி. குவாசூலு நட்டால் மாகாணத்தில் 65 ஆரம்பச் சுகாதார நிலையங்களின் பதிவுகள் சொல்வது: 2020 ஏப்ரல் ஊரடங்கில் எச்.ஐ.வி. பரிசோதனை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களும் அதே அளவு குறைந்தார்கள். ஆனால் ஏற்கெனவே மாத்திரை வாங்கி வந்தவர்கள் தொடர்ந்து வாங்கினார்கள். ஊரடங்கில் பஸ் ஓடாத காலத்தில் அதைச் சாதித்த செவிலியர்களின் உழைப்பு சாதாரணமானது அல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவிலோ, தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனை கிடைத்தும், ஒரு பெரிய பொது மருத்துவமனையின் எச்.ஐ.வி. பிரிவில் வைரஸ் கட்டுக்குள் இல்லாமல் போகும் வாய்ப்பு 31 சதவீதம் கூடியது. வீடற்றவர்களிடம் பாதிப்பு மிகுதி. அமெரிக்கா முழுவதும் 2020இல் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்றுகள் முந்தைய ஆண்டைவிட 17 சதவீதம் குறைவு. தொற்று குறைந்ததால் அல்ல, பரிசோதனை குறைந்ததால்.

தடுப்பூசி வந்ததும் கருப்பினத்தவரின் தயக்கம் பற்றி நிறைய எழுதப்பட்டது. டஸ்கீகி பெயர் எல்லாக் கட்டுரைகளிலும் வந்தது. 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் இருந்த 399 கருப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்த கொடுமை அது. அந்த நினைவு உண்மை, அந்த அச்சமும் நியாயமானது. ஆனால் டஸ்கீகியைச் சொல்லிவிட்டு, முன்பதிவு இணையதளத்தில் இடம் கிடைக்காததையும், பக்கத்தில் மையமே இல்லாததையும், ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு விடுப்பு இல்லாததையும் பேசாமல் விடுவது நேர்மையல்ல. மையங்கள் தேவாலயங்களுக்கும் முடிதிருத்தகங்களுக்கும் வந்தபோது இடைவெளி வெகுவாகக் குறைந்தது. மனம் தயங்கியது ஒரு பங்கு என்றால், வழி இல்லாதது பெரும்பங்கு.

மருந்து விஷயத்திலும் அதுவே நடந்தது. 2021 டிசம்பரில் அனுமதி பெற்ற பேக்ஸ்லோவிட் மாத்திரையில் ரிட்டோனாவிரும் உண்டு. 2020இல் கொரோனாவை அடக்கத் தவறிய அதே ரிட்டோனாவிர், இங்கே நிர்மாட்ரெல்விர் என்ற புதிய மருந்து உடலில் சீக்கிரம் சிதையாமல் காக்கும் வேலையைச் செய்கிறது. ரிட்டோனாவிர் உள்ள எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிடுபவர்கள் அதை நிறுத்தாமலேயே இதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 2022 ஏப்ரல் முதல் ஜூலை வரை அமெரிக்காவில் கருப்பின நோயாளிகளுக்கு இந்த மாத்திரை எழுதிக்கொடுக்கப்பட்டது வெள்ளையருக்கு எழுதியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. இங்கே நோயாளியின் தயக்கத்தைக் காரணமாகக் காட்ட முடியுமா? மருந்துச் சீட்டு எழுதுபவர் மருத்துவர்.

2020இல் பரிசோதனை தவறிய அந்த மனிதர்கள், தங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியாமல், சி.டி.4 இறங்கிக்கொண்டே இருக்கும் உடலோடு அடுத்தடுத்த அலைகளைச் சந்தித்தார்கள். இத்தகையவர்களைத் தேடிப்பிடிக்கும் வேலை இப்போது கடினமாகியிருக்கிறது. பிற நாடுகளின் எச்.ஐ.வி. பணிகளுக்குப் பணம் தர 2003இல் தொடங்கிய பெப்ஃபார் திட்டம் உள்ளிட்ட அமெரிக்க வெளிநாட்டு உதவி 2025 ஜனவரியில் திடீரென நிறுத்திவைக்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் எச்.ஐ.வி. செலவில் சுமார் 17 சதவீதம் அதிலிருந்து வந்தது. மாத்திரைகளை அந்நாட்டு அரசே பெரும்பாலும் தன் பணத்தில் வாங்குகிறது. அதனால் மாத்திரை நிற்கவில்லை. அந்தப் பணத்தில் சம்பளம் பெற்றவர்களில் பலர், பரிசோதனைக்கு அழைத்து வருபவர்களும் சிகிச்சையைப் பாதியில் விட்டவரின் வீட்டுக் கதவைத் தட்டுபவர்களும். வேலை இழந்தவர்கள் அவர்கள்.